நான்காவது ஊசி வரைக்கும்

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில், இங்கே தன்னார்வ ஊழியராகப் பணிசெய்யும் ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவர் ஆற்றிய உரை)



"பட்டாளத்திலிருந்து வந்தவர் வாரம் முழுவதும் என்ன செய்கிறீர்கள் என்று நம் ஜனங்களுக்குச் சொல்லுங்கள்" என்று டாக்டர் அம்மா கேட்டுக்கொண்டார்கள். என் வாரத்தில் மூன்று காரியங்கள்தான் உண்டு. நாய்கள், இந்த மருத்துவமனை, என் குடும்பம். இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டியிருப்பது வெறிநாய்க்கடி நோய்.

வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இராணுவத்துக்குப் போன ஊர்கள் உண்டு. நான் சேர்ந்தது நாய்களையும் குதிரைகளையும் பராமரிக்கும் படைப்பிரிவு. மீரட் நகரில் பயிற்சி. ஒரு வீரனுக்கு ஒரு நாய். அதைக் குளிப்பாட்டி, சீவி, சோறு வைத்து, அதோடு வேலைக்குப் போக வேண்டும். வெடிபொருளை மோப்பம் பிடித்த நாய் குரைக்காது. அந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடும். அதை நம்பித்தான் பின்னால் வருகிறவர்கள் அடி எடுத்து வைப்பார்கள். ஆகவே நாயை வெறுக்க எனக்குத் தெரியாது. ஆனால் நாயிடமிருந்து வரும் இந்த நோயை எதிர்த்து நிற்கக் கர்த்தர் எனக்கு ஆயுசைக் கொடுத்திருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் மரிக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் இந்தியாவில். மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலமாகவே வருகிறது. அறிகுறி தோன்றிய பிறகு பிழைத்தவர்கள் மிக மிக அபூர்வம். ஆனால் கடித்தவுடன் செய்ய வேண்டியதைச் செய்தால் அநேகமாக எல்லாரும் பிழைக்கலாம். இப்படி ஒரு வியாதி வேறு எனக்குத் தெரியவில்லை.

இனி என் வாரத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் நான் இங்கே நாய்க்கடிப் பிரிவில் இருப்பேன். வாசலில் குழாயும் சோப்பும் வைத்திருக்கிறோம். கடிபட்டு வருகிறவரை முதலில் அங்கே அழைத்துச் சென்று, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வைப்பது என் வேலை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சிலர் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எல்லாம் அப்பிக்கொண்டு வருவார்கள். சிலர் மந்திரித்துவிட்டு வருவார்கள். நான் யாரையும் திட்டுவதில்லை. "பரவாயில்லை, வாங்கம்மா, கழுவலாம்" என்பேன். பிறகு டாக்டர் பார்த்து, ஆழமான கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றிலும் இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்துவார். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காவல் நிற்பது அந்த மருந்துதான்.

தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் நான்கு தடவை வர வேண்டும். வந்த அன்று ஒன்று, அதிலிருந்து 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். திங்கட்கிழமை வந்தவருக்கு வியாழன், அடுத்த திங்கள், கடைசியாக நான்கு வாரம் கழித்து மறுபடியும் ஒரு திங்கள். பட்டாளத்தில் சாயங்காலம் ஆள் கணக்கு எடுப்பார்கள். ஒரு ஆள் குறைந்தாலும் தேடாமல் விடமாட்டார்கள். அதே பழக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, வந்தவர் பெயருக்கு எதிரே நான்கு கட்டம் வரைந்திருக்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் வெள்ளிக்கிழமை என் மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போவேன்.

அப்படித்தான் ஒரு செங்கல் சூளைக்குப் போனேன். ஆறு வயதுப் பையன், முகத்தில் கடி. இரண்டு ஊசி போட்டாயிற்று. மூன்றாவதுக்கு வரவில்லை. தாயார் கல் அறுத்துக்கொண்டிருந்தாள். "புண்ணுதான் ஆறிப்போச்சே ஐயா, இன்னும் எதுக்கு ஊசி? ஒரு நாள் கூலி போயிடும், பஸ்ஸுக்கு வேற குடுக்கணும்" என்றாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. தோல் மேலே ஆறிவிடும். கிருமியோ நரம்பு வழியாய் மூளையை நோக்கி மெல்ல நடந்துகொண்டிருக்கும். வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். முகத்தில் கடித்தால் வழி குறுகியது. இதை அவளுக்கு விளங்கும்படி சொல்லி, உங்கள் காணிக்கையில் நடக்கும் ஏழையர் உதவி நிதியிலிருந்து பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் கொடுத்து, இருவரையும் அழைத்து வந்தோம். 28-ம் நாள் பையன் தானாகவே சட்டையைக் கழற்றிக்கொண்டு, "தாத்தா, இது நாலாவது" என்று தோளைக் காட்டினான்.

எல்லாரையும் இப்படி அழைத்து வர முடிந்ததில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை அவர் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் தெருவில் ஒரு குட்டி நாய் கையைக் கவ்வியிருக்கிறது. சின்னக் கீறல்தானே என்று சுண்ணாம்பு தடவி விட்டுவிட்டார்கள். இப்போது தாகமாய் இருக்கிறது, ஆனால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்கிறது. டாக்டர் அம்மா அவரை அமைதியான அறையில் வைத்து, வேதனை தெரியாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தேன். மறுநாள் அவர் மரித்துப்போனார். அந்தக் குட்டி நாய்க்கு ஒரு தடுப்பூசி போட்டிருந்தால் அவர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.

ஆகையால் புதன்கிழமைகளில் கால்நடை மருத்துவருக்குத் துணையாகத் தெருத்தெருவாகப் போகிறேன். நாயைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. நானும் முன்னதாகவே தடுப்பூசி போட்டுக்கொண்டேன். ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவுகிற சங்கிலி அறுந்துபோகும் என்கிறார்கள். விஷம் வைத்துக் கொன்றுவிடலாம் என்று ஊரில் சொல்கிறவர்கள் உண்டு. ஊசி போட்ட நாயைக் கொன்றால், ஊசி போடாத வேறொன்று அந்தத் தெருவுக்கு வரும் என்று அவர்களுக்குச் சொல்லுகிறேன்.

செவ்வாயும் சனியும் வீட்டுக்கு. எங்கள் இரண்டு நாய்களுக்கும் ஆண்டுதோறும் தவறாமல் ஊசி உண்டு. தெரு நாய்களுக்குச் சோறு வைப்பது என் மனைவி. "ஏங்க, ஊர் நாய்க்கெல்லாம் நான்தான் சமைக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றிப் பிசைந்து வைப்பாள். கையில் சாப்பிடப் பழகிய நாயைப் பிடிப்பது சுலபம். அந்த வகையில் அவளும் இந்த ஊழியத்தில் பங்காளி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இராணிப்பேட்டையிலிருந்து மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள். பேத்திக்கு நான் கற்றுக்கொடுப்பது: சாப்பிடுகிற நாயிடமும் குட்டி போட்ட நாயிடமும் போகாதே, துரத்தினால் ஓடாதே, அசையாமல் நில், பல் பட்டாலும் நகம் பட்டாலும் உடனே அம்மாவிடம் சொல். வெறிநாய் என்று சந்தேகிக்கும் நாய்களிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அடி விழுமோ என்று பயந்து மறைத்துவிடுகிறார்கள். கடிபட்ட பிள்ளையை அடிக்கவே அடிக்காதீர்கள். லாசருவின் புண்களை நாய்கள் நக்கியதை வேதத்தில் வாசிக்கிறோம். ஐசுவரியவானுக்கு இல்லாத இரக்கம் நாய்களுக்கு இருந்தது என்று ஆயர்மார் பிரசங்கிப்பதுண்டு, அது மெய்தான். ஆனாலும் திறந்த புண்ணை நாய் நக்கினாலும் ஊசி போட வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொடுக்கிறவர்களுக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல விரும்புகிறேன். 1902-ல் குன்னூரில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அந்நாளில் சிகிச்சை வேண்டுமானால் வடக்கே கசௌலி மலைக்குப் போக வேண்டும். அந்த மரணத்துக்குப் பிறகு, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையின் உதவியோடு 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. தென்னாட்டு ஜனங்களுக்குச் சிகிச்சை அருகில் வந்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பெற்றோர் பயந்த அந்தப் பழைய மருந்து போய், வலி குறைந்த நல்ல மருந்து இன்று இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள். 2030-க்குள் நாய் மூலம் வரும் இந்நோய் மரணங்களை ஒழிக்க மத்திய அரசு 2021-ல் செயல்திட்டமும் அறிவித்தது.

மருந்து இருக்கிறது, பிரியமானவர்களே. குறைவாயிருப்பது ஏழையின் பஸ் கட்டணமும், ஒரு நாள் கூலியும், "ஏன் வரவில்லை?" என்று கேட்டுப் போக ஓர் ஆளும்தான். ஆழமான கடிக்குப் போடும் மருந்தின் விலையும் கூலிக்காரரால் தாங்க முடியாதது. இந்த ஆண்டு ஏழையர் உதவி நிதியை மறவாதிருங்கள். பணம் கொடுக்க இயலாதவர்கள் வாரத்தில் ஒரு நாளைக் கொடுங்கள். என் நோட்டில் இன்னும் பல ஊர்கள் இருக்கின்றன. எனக்கோ ஒரு மொபெட்தான் உண்டு. வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் இந்த வாரமே அதற்கு ஊசி போட்டுவிடுங்கள்.