ஓசையில்லாத அழுகை



குழந்தை அழுதால், பசியா வயிற்றுவலியா என்பதைத் தாய் அறிந்துகொள்கிறாள். அழுதும் ஓசை வராத குழந்தையின் வலியை எவ்வாறு அறிவது? குறைமாதத்தில் பிறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு உயிர் வாழும் குழந்தையின் தொண்டைக்குள் ஒரு குழாய் இடப்பட்டிருக்கும். அது குரல்நாண்களின் ஊடே செல்வதால், பிள்ளை வாய் திறந்து அழுதாலும் சத்தம் எழாது. பார்க்க வரும் பெற்றோர், குழந்தை அமைதியாக உறங்குகிறது என்று மனம் தேறுவர். தாதியராகிய நாங்கள் அவ்வாறு எண்ணிவிட இயலாது.

நாங்கள் முதலில் பார்ப்பது முகத்தையே. வலி கண்ட குழந்தையின் புருவங்கள் நெருங்கி நடுவே புடைக்கும். கண்கள் இறுக மூடும். மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம் வரை ஒரு மடிப்பு ஆழமாக விழும். இவற்றோடு இதயத் துடிப்பு, இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு, விழிப்பு நிலை, கருவில் இருந்த வாரங்கள் ஆகியவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடும் முறையொன்றைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டு வெளியிட்டனர். மொத்தம் 21 மதிப்பெண். 12க்கு மேற்பட்டால் வலி மிகுதி என்பது கணக்கு. அம்முறையில் 28 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு வாரக் கணக்கிற்காகவே 3 மதிப்பெண் தரப்பட்டது. ஏனெனில், அத்துணைச் சிறிய பிள்ளைக்கு முகம் சுளிக்கவும் வலுவில்லை. நெடுநேரம் வலியுற்ற குழந்தை துவண்டு, அசையாமல் கிடப்பதும் உண்டு.

பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவர்கள் பலரே நம்பிய காலம் இருந்தது. 1980ஆம் ஆண்டுகளிலும் போதிய வலிநீக்கி மருந்தின்றிக் குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை நடந்ததுண்டு. 1987இல் இங்கிலாந்தில் டாக்டர் கே. ஜே. எஸ். ஆனந்தும் அவருடன் உழைத்தோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அறுவையின்போது வலிநீக்கி மருந்தும் பெற்ற குழந்தைகளின் உடல் அடைந்த அதிர்ச்சி குறைவு; பின்னர் வந்த சிக்கல்களும் குறைவு என்று அது காட்டியது. பிள்ளை பெற்ற தாய்மார்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம்.

மஞ்சள்காமாலையைச் சோதிக்கக் குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்க நேரும்பொழுது, தாய்ப்பால் ஊட்டுவதும், தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து அணைப்பதும் வலியைத் தணிக்கின்றன. அதற்கு வழியில்லாதபோது நாவில் சில துளி சர்க்கரைக் கரைசல் இடுகிறோம். இது மருத்துவமனையில் அளவறிந்து தரப்படுவது. வீட்டில் சீனித் தண்ணீர் புகட்டுவதற்கு இதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்!

பிள்ளையைப் பார்க்க வரும்பொழுது கருவிகளைக் கண்டு அஞ்சி ஒதுங்கி நிற்காதீர்கள். கைகளை நன்கு கழுவியபின், தொடலாமா, அணைக்கலாமா என்று கேளுங்கள். நேற்றிருந்த முகம் இன்றில்லை என்று தோன்றினால் உடனே கூறுங்கள். நாங்கள் முறை மாறி மாறிப் பணிக்கு வருகிறோம். நேற்று நின்ற தாதி இன்று இருக்கமாட்டார். நேற்றைய முகத்தையும் இன்றைய முகத்தையும் கண்டவர் நீங்களே.