மலைவழியும் புல்முடிச்சும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதையில் பயணம் செய்வோர்க்குக் களம்பூர் 'ஆரணி ரோடு' என்னும் நிலையப் பெயரால் அறிமுகமாகிறது. உண்போர்க்கு அரிசியால் அறிமுகமாகிறது. உடுப்போர்க்குப் பட்டால் அறிமுகமாகிறது. ஆனால் இவ்வூரார்க்கு நாள்தோறும் கண்ணில் படுவது மேற்கே நீண்டு கிடக்கும் சவ்வாது மலைத்தொடரே ஆகும். தறிக்குழியில் கால் தொங்கவிட்டு நாள் முழுதும் அமர்ந்திருக்கும் நெசவாளர், மாலையில் எழுந்து தெருவுக்கு வந்தால் முதலில் காண்பது அந்த மலைக்கோட்டைத்தான். கமண்டல நாகநதி பிறப்பதும் சேயாறு பிறப்பதும் அந்த மலைகளில்தான். ஆகவே மலைநடை பற்றிய பேச்சு இவ்வூருக்குப் புறம்பான பேச்சன்று.

ஓராண்டின் மலைநடையைத் திரும்பிப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம். அந்த ஆண்டு 2024. மலைகளின்பால் தமிழர் கொண்டுள்ள உறவின் எல்லா முகங்களும் அவ்வோராண்டில் வெளிப்பட்டன. வேட்கை, அச்சம், துயரம், தடை ஆகிய அனைத்தும் அடுத்தடுத்து வந்து நின்றன. அவற்றை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் இம்மாவட்டத்திலேயே பிறந்த ஒரு பாட்டாக இருப்பது தமிழின் பேறு.

வழி சொல்லும் பாட்டு

பத்துப்பாட்டுள் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பெற்றவன் செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னன் சேய் நன்னன். இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயருண்டு. நச்சினார்க்கினியர் உரை வகுத்த இதனை, 1889இல் பத்துப்பாட்டு முழுமையும் பதிப்பித்தபோது உ.வே.சாமிநாதையர் அச்சுக்குக் கொண்டுவந்தார். பாட்டில் வரும் நவிரமலை, இன்று கலசப்பாக்கம் பக்கம் நிற்கும் பர்வதமலையே என்று ஆய்வாளர் பலரும் கொள்வர்.

இப்பாட்டை வள்ளல் ஒருவனின் புகழ்ப்பாட்டாக மட்டும் படித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் இதன் பெரும்பகுதி, நடந்து செல்லும் வழியைப் பற்றியது. பரிசில் பெற்று மீளும் கூத்தன், பரிசில் நாடி வரும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். அவன் சொல்வது மலையின் அழகை மட்டுமன்று. அதன் ஆபத்தையும் ஒளிக்காமல் சொல்கிறான். பன்றி பிடிக்க வைத்த கற்பொறிகள் உண்டு, ஆதலின் விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். பாம்பு கிடக்கும் குழிகள் உண்டு, விழித்து நடங்கள் என்கிறான். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டப் பரணிலிருந்து கவண்கல் எறிவர், மரத்தின் பின் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். பாசி படர்ந்த வழுக்குநிலத்தில் எதைப் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும் என்றும் சொல்கிறான். வழி தப்பிவிட்டால் அகன்ற பாறையில் ஏறிக் கருவிகளை இசையுங்கள். ஓசை கேட்ட மலைவாழ்நர் ஓடிவந்து உதவுவர் என்று தேற்றுகிறான்.

இவற்றுள் ஒரு குறிப்பு எண்ணி எண்ணி மகிழத்தக்கது. வழிகள் பிரியும் கவலையில், இடத்தை அறியாத புதியவர் பின்னால் வருவர். ஆதலால் நீங்கள் செல்லும் வழியைத் துலக்கி, அங்கே புல்லை முடிந்து வையுங்கள் என்கிறான் கூத்தன். தான் போய்ச் சேர்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பின்வருவோனும் போய்ச் சேர வேண்டும். தறியில் பழைய பாவு தீரும்போது புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு முடிந்து பிணைப்பதைக் கண்ட இவ்வூரார்க்கு, அந்தப் புல்முடிச்சின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

2024: ஓர் ஆண்டின் தடம்

அந்த ஆண்டின் மலையேற்றப் பருவம் வழக்கம்போல் கொங்கு நாட்டு வெள்ளியங்கிரியில் தொடங்கியது. பிப்ரவரி முதல் மே வரை ஏழு மலைகளைக் கடந்து அடியார் ஏறுவர். அப்பருவத்தில் அடியார் சிலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் வழியிலேயே உயிரிழந்தனர். பக்தி உடலைத் தூக்கிச் செல்லும் என்பது உண்மையே. உடல் தன் எல்லையைச் சொல்லும்போது கேட்க வேண்டும் என்பதும் உண்மையே. கூத்தன் தன் சுற்றத்தாரிடம் இளைப்பாறிச் செல்லுங்கள் என்று சொன்னதன் பொருள் அங்கே விளங்கிற்று.

மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்கள் மின்னணு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற நிலை வந்தது. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்னும் வினா முதன்முறையாக நீதிமன்றத்திலிருந்து பொதுமக்களின் வாசலுக்கு வந்தது எனலாம்.

சூலை 30 விடியற்காலையில் அண்டை மாநிலமான கேரளத்தின் வயநாட்டில், முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் நிலச்சரிவில் சிக்கின. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேயிலைத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழர் குடும்பங்களும் அத்துயரில் பங்குற்றன.

அக்டோபர் 24 அன்று தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கி வைத்தது. 14 மாவட்டங்களில் 40 வழிகள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. முன்பதிவு, கட்டணம், வழிகாட்டி என்று எல்லாம் ஒழுங்குபடுத்தப்பட்டன. இவ்வொழுங்கின் பின்னே ஒரு பழைய துயரம் இருந்ததை மறத்தலாகாது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகிலுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோர் 23 பேர் மாண்டனர். அதன்பின்னரே மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. புதிய திட்டத்தில் மகிழத்தக்க கூறு ஒன்றுண்டு. காடு சார்ந்த ஊர்களின் இளைஞரும் பழங்குடி இளைஞரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாய் நின்றனர். ஓசை கேட்டு ஓடிவந்த மலைவாழ்நரின் வழித்தோன்றல்களே முன்னின்று அழைத்துச் செல்லும் காட்சி அது.

இவ்வாறு மலை திறந்த ஐந்தே வாரத்தில் துயரம் இம்மாவட்டத்தின் வாசலுக்கே வந்தது. நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள், டிசம்பர் 1 அன்று, இடைவிடாத மழையில் அண்ணாமலையின் சரிவு இளகியது. மலைச்சரிவில் மண்ணும் உருண்டைப் பாறைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன. மழைநீர் அளவு கடந்து உட்புகுந்தால் மண்ணின் எடை கூடும், பிடிப்போ குறையும். அப்படி நழுவிய மண்ணும் பாறையும் அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மீது விழுந்தன. அங்கிருந்த ஏழு பேரும் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர். கோடிக்கணக்கானோர் வலம்வந்து வணங்கும் மலையின் காலடியில் நேர்ந்த துயரம் அது.

பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13 அன்று கார்த்திகைத் தீபம். முந்தைய ஆண்டில் 2500 பேருக்கு மலையேற அனுமதி தரப்பட்டிருந்தது. இம்முறை நிலவியல் வல்லுநர் மலையை ஆய்ந்தனர். மண் இன்னும் ஈரமாய் நெகிழ்ந்திருந்தது. அடியார் ஏற அனுமதி இல்லை என்று முடிவாயிற்று. கொப்பரையும் நெய்யும் சுமந்தோர், காவலர், பணியாளர் ஆகியோர் மட்டுமே ஏறினர். 2668 அடி உயரத்தில் தீபம் வழக்கம்போல் ஒளிர்ந்தது. மலை ஏறும் உரிமையை மட்டுமே மரபென்று எண்ணியோர்க்கு அது வருத்தம் தந்தது. மலையை வணங்குவதற்குக் கீழே நிற்பதும் போதும் என்பதை 14 கிலோமீட்டர் வலம்வந்த மக்கள் மெய்ப்பித்தனர்.

பக்கத்து மலைகளின் பாடம்

பெரிய செய்திகளுக்கு அப்பால், களம்பூரைச் சூழ்ந்த மலைகள் சிறிய நடைகளுக்கும் இடம் தருகின்றன. அவற்றுள் மிக அண்மையிலிருப்பது திருமலை. குந்தவை பெயரால் வழங்கும் சினாலயமும், பாறையில் செதுக்கிய பதினாறு அடி உயர நேமிநாதர் திருவுருவமும் அங்குள்ளன. இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கங்கை வரை அவன் பெற்ற வெற்றிகளை அந்தப் பாறையில்தான் வரிசைப்படுத்துகிறது. அதே மலையில், தகடூர் அதியர் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய எழினி நிறுவிய இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுப்பித்த செய்தியும் கல்லில் உள்ளது. முன்னோன் வைத்ததைப் பின்னோன் பேணுவதும் ஒருவகைப் புல்முடிச்சே.

நாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த பர்வதமலைக்குத் தென்மகாதேவமங்கலத்திலிருந்தும் கடலாடியிலிருந்தும் வழிகள் உண்டு. முழுநிலா இரவுகளில் அடியார் ஏறுவர். செங்குத்தான பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலிகளையும் பற்றியே மேலே செல்ல வேண்டும். யார் எந்நாளில் அந்த இரும்பைப் பாறையில் பதித்தனரோ, அவர்தம் பெயர் தெரியாது. ஆயினும் ஏறுவோர் ஒவ்வொருவரும் அவர்கள் கைபிடித்தே ஏறுகின்றனர்.

வழியில் நிற்கும் நடுகற்களைக் கண்டால் யாழிசைத்துச் செல்லுங்கள் என்றும் கூத்தன் சொன்னான். செங்கத்துச் சூழலில் கிடைத்த நடுகற்களின் எழுத்துகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாகப் பதிப்பித்தது. பாட்டில் வந்தது கற்பனை வழக்கன்று என்பதற்கு அம்மண்ணே சான்று தந்தது. சவ்வாது மலைமேல் காவலூரில் உள்ள வானாய்வு நிலையத்துக்கு 1986இல் வேணு பாப்பு பெயர் சூட்டப்பெற்றது. அம்மலைகளில் சாமை விளைவிக்கும் மலையாளி மக்கள் வாழ்கின்றனர். மண்ணையும் விண்ணையும் ஒருசேரப் பார்க்கும் மலை அது.

பாவலர்க்கு ஒரு பணி

மலை ஏறியவர் எழுதுவது தமிழில் மட்டும் உள்ள வழக்கன்று. இத்தாலியப் பாவலர் பெத்ரார்க்கா, 1336ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று வெந்தூ மலையில் ஏறியதைக் கடிதமாக எழுதினார். உச்சியில் அவர் ஒரு நூலைத் திறந்தார். பார்வை தம் உள்ளத்துக்குத் திரும்பியது. சப்பானியப் பாவலர் பாஷோ, 1689இல் மாணவர் சோராவுடன் நாட்டின் வடபுலத்தில் ஏறத்தாழ ஐந்து மாதம் நடந்து, உரைநடையும் குறும்பாக்களும் கலந்த பயண நூலைத் தந்தார். இருவரும் தாம் கண்டதைச் சொன்னார்கள். பெருங்கௌசிகனாரோ இனி வருவோன் காண வேண்டியதைச் சொன்னார். பாட்டின் முகவரி எதிரே வரும் மனிதனாக இருந்தது. அதுவே ஆற்றுப்படையின் தனிச்சிறப்பு.

2024ஆம் ஆண்டு இன்றைய பாவலர் முன் வைக்கும் வினா இதுதான். மலையைப் பச்சைப் பட்டு என்றும் நீலத் திரை என்றும் உவமித்துவிட்டால் போதுமா? அச்சரிவில் எங்கே நீர் ஊறுகிறது, எந்தப் பாறை எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறது, எந்த ஓடை எப்போது வற்றியது என்பவற்றை அறிந்தவர் யார்? ஆடு மேய்ப்போர் அறிவர். சுள்ளி பொறுக்கும் மூதாட்டியர் அறிவர். சாமை விதைக்கும் மலைமக்கள் அறிவர். அவர்கள் மறைந்தால் அவ்வறிவும் மறையும். மழைநீர் இறங்கும் பழைய ஓடையின் பெயர் மறந்துபோன இடத்தில்தான் வீடு எழும்புகிறது. பெயர் நினைவில் இருந்தால், 'இது நீர் வரும் வழி' என்று சொல்ல ஒருவராவது எஞ்சுவர்.

மலைபடுகடாம் என்னும் பெயரே மலையில் எழும் ஓசைகளை யானையின் மதநீரோடு ஒப்பிட்டு வைத்தது. அருவியாடும் மகளிரின் ஆரவாரம், புலி கீறிய கணவன் மார்புப் புண் ஆறுவதற்கு மனைவி பாடும் பாட்டு, உரலில் குற்றுவோரின் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஒலி என்று பல ஓசைகளை அப்பாட்டு சேர்த்து வைத்தது. அவற்றுள் துயர ஓசையும் உண்டு. காயம்பட்டவன் புலம்பலையும் விலக்காமல் கேட்ட செவி அது. 2024இன் மலையோசையில் வ.உ.சி. நகரின் அழுகையும் அடங்கும். அதைக் கேளாமல் தீபத்தின் ஒளியை மட்டும் பாடுவது அந்த மரபுக்கு ஒவ்வாது.

ஆதலின் பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின்முன் எளிய பணி ஒன்று காத்திருக்கிறது. திருமலை தொடங்கிப் பர்வதமலை வரை, சுற்றியுள்ள குன்றுகளின் பாறை, சுனை, ஓடை, ஒற்றையடிப்பாதை ஆகியவற்றின் பெயர்களை மலைமக்கள் வாய்மொழியிலிருந்து கேட்டு எழுதி வைக்கலாம். அனுமதியுள்ள வழியில், அனுமதியுள்ள காலத்தில், வழியறிந்த மலைவாழ்நர் துணையோடு நடந்து எழுதலாம். எழுதியதை ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் கையில் தரலாம். பெரிய காவியம் ஆகாவிட்டாலும் அது பயன்படும். புல்முடிச்சு அழகுக்காக இடப்பட்டதன்று. பின்னால் வருபவன் வழி தப்பாதிருக்க இடப்பட்டது.

 வாழ்க தமிழ்! வளர்க இவ்வட்டம்!