ஐந்தாண்டிலும் முடிக்கலாம்: தமிழ்ப்பள்ளியின் மீத்திறன் மாணவர் குறித்த தலைமை உரை

மீத்திறன் மாணவருக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு மலேசியக் கல்வித்துறை இதுவரை மூன்று விடைகளைத் தந்திருக்கிறது. 1960-களில் இருந்த விரைவு வகுப்பு, அவரை ஓராண்டு முன்னே அனுப்பலாம் என்றது. 1983-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், அவர் தம் வகுப்பிலேயே இருக்கட்டும், வளப்படுத்தும் நடவடிக்கை கொடுத்தால் போதும் என்றது. பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் (யு.கே.எம்.), 2009 முதல் அவரைத் தேர்வு வைத்துப் பிரித்தெடுத்துத் தன் வளாகத்துக்கே அழைத்துக்கொள்கிறது. மூன்று விடைகளும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைத் தவறவிட்டன. மூன்றும் தவறவிட்டதற்குக் காரணம் ஒன்றே அன்று.

ஸ்ரீ கெம்பாங்கானில் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமை தாங்குவது பெரிய மதிப்பு. தயக்கமும் அதனுடன் சேர்ந்தே வருகிறது, ஏனெனில் அவையில் இருப்போரில் பலர் வகுப்பறையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள். மீத்திறனை விளக்க ஜோசப் ரென்சுலி வரைந்த மூன்று வளையங்களையும், இயல்திறனுக்கும் வளர்த்த திறமைக்கும் பிரான்சுவா கான்யே காட்டிய வேறுபாட்டையும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கருத்தரங்கின் பொருள்களான கண்டறிதல், வளர்த்தல், ஆசிரியர் பயிற்சி மூன்றிலும் நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவை தம்மைத் தாமே விளக்கிக்கொள்ளும். தலைமை உரை எடுத்துக்கொள்வது, இந்தத் துறையில் மிகக் குறைவாக வாசிக்கப்படும் ஓர் ஆவணத்தை: 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு.

அந்தப் பிரிவு சொல்வது எளிது. தொடக்கப்பள்ளிப் படிப்பு ஆறாண்டுக் கால அளவில் வகுக்கப்பட வேண்டும். ஆனால் அதை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம். தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்று சட்டம் இதில் பிரித்துப் பேசவில்லை. விரைந்து கற்பவருக்கு ஓராண்டு குறையலாம், மெதுவாகக் கற்பவருக்கு ஓராண்டு கூடலாம் என்பதை நாட்டின் கல்விச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1960-ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கை கொண்டுவந்த தானியங்கி வகுப்பேற்றம் வயதை மட்டுமே பார்த்தது. இந்தப் பிரிவோ கற்கும் வேகத்தையும் பார்க்க இடம் தருகிறது. மீத்திறன் கல்வி குறித்துத் தமிழில் வரும் கட்டுரைகளில் இப்பிரிவு எடுத்தாளப்படுவது அரிது. எடுத்தாளப்படும்போதும், பி.டி.எஸ். என்ற முதல்நிலை மதிப்பீட்டுத் தேர்வோடு அது முடிந்துபோன கதையாகவே சொல்லப்படுகிறது.

இங்கேதான் ஒரு பழைய கருத்து மோதல் தீர்க்கப்படாமல் கிடக்கிறது. ஓராண்டு முன்னே அனுப்பும் அந்த முதல் விடையின் மறுவடிவமாக, பி.டி.எஸ். 1996-இல் தொடங்கியது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அதில் தேறினால், பெற்றோர் இசைந்தால், நான்காம் ஆண்டைத் தாண்டி ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லலாம். 2001-இல் அது கைவிடப்பட்டது. தாவிய பிள்ளைகள் மனத்தளவில் முதிராதவர்கள், தம்மினும் மூத்தவர்களோடு ஒட்ட முடியாமல் தவித்தார்கள், எனவே விரைவேற்றம் என்ற கொள்கையே தோற்றது என்பது ஒரு சாராரின் முடிவு. அவர்களில் மதிப்புக்குரிய மூத்த ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் கண்ணால் கண்ட தனிப்பிள்ளைகளின் துன்பம் பொய்யன்று. ஆனால் சில பிள்ளைகளின் துன்பத்திலிருந்து கொள்கையின் தோல்விக்குத் தாவுவது ஏற்கத்தக்கதன்று.

பி.டி.எஸ். காலத்தில் நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கற்கும் வேகத்தை அறிவதற்கென வந்த மதிப்பீடு, ஓரிரு ஆண்டுகளிலேயே இன்னொரு பொதுத்தேர்வாகிவிட்டது. கடைகளில் பி.டி.எஸ். பயிற்சி நூல்கள் அடுக்கப்பட்டன. ஒன்பது வயதுப் பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் டியூஷனுக்கு விரைந்தார்கள். பயிற்சியால் தேறியவரும் இயல்பால் தேறியவரும் ஒரே பட்டியலில் கலந்தார்கள். தாவிய பிறகு அந்தப் பிள்ளைக்கு வழிகாட்ட ஆளில்லை. நான்காம் ஆண்டில் விட்டுப்போன பின்னத்தையும் தசமத்தையும் சொல்லிக்கொடுப்பது யார் பொறுப்பு என்பதும் தெளிவாக இல்லை. தோற்றது ஒரே நாள் தேர்வை வைத்துப் பிள்ளையைத் தூக்கிப்போட்ட முறை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கொலாஞ்சலோ, அசௌலின், குரோஸ் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட பேரறிக்கை, கவனமாகத் தேர்ந்து முன்னேற்றப்பட்ட மாணவர்கள் படிப்பில் முந்துவதையும், பழகும் திறத்தில் பின்தங்காததையும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. 2015-இல் வந்த அதன் தொடர்ச்சியும் அம்முடிவை மாற்றவில்லை. தேர்வு போனது, சட்டப் பிரிவு போகவில்லை. அது எழுதியபடியே நிற்கிறது.

தமிழ்ப்பள்ளிக்கு இந்தப் பிரிவு ஒரு பக்கமாகவே வாய்த்தது என்பது இன்னும் வருந்தத்தக்கது. ஐந்தாண்டு என்ற வாய்ப்பு மூடிக்கிடக்க, கூடுதல் ஓராண்டு மட்டும் வேறு வழியாக வந்து சேர்ந்தது. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வின் மலாய்மொழித் தாள்களில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் படிவம் ஒன்றுக்கு முன்பு புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர வேண்டியிருந்தது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். எடுக்கப்பட்ட பின்னும் புகுமுக வகுப்பு எடுக்கப்படவில்லை. சட்டத்தின் கணக்கில் அது இடைநிலைப்பள்ளியின் ஆண்டு. பிள்ளையின் கணக்கில் அது ஏழாவது ஆண்டு. கணிதத்தில் தன் வகுப்பையே முந்தி நின்ற சிறுமியும் மலாய்க் கட்டுரையில் தடுமாறினால் அங்கேதான் அமர்கிறாள். அவளுடைய கணிதம் அந்த ஓராண்டு முழுதும் காத்திருக்கிறது.

மூன்றாவது விடையான பாங்கியின் திட்டம் தரத்தில் உயர்ந்தது. அதைக் குறை சொல்வது நோக்கமன்று. பெர்மாத்தா பிந்தார் என்ற பெயரில் தொடங்கி, 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் ஜீனியஸ் பிந்தார் என்று பெயர் மாறியது. தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹோப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இளந்திறனாளர் மையத்தோடு கைகோத்தது. யு.கே.எம்.1 என்ற இணையவழித் தேர்வை மாணவர் வீட்டிலிருந்தே எழுதலாம். தேறினால் கண்காணிப்புடன் யு.கே.எம்.2, அதற்குப் பிறகு பள்ளி விடுமுறை முகாம், அதற்கும் பிறகே வளாகக் கல்லூரி. செர்டாங் நிலையத்தில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் காஜாங்கைத் தாண்டியதும் யு.கே.எம். நிலையம் வந்துவிடுகிறது. தொலைவு அவ்வளவுதான். ஆனால் முதல் வாசற்படியில் மூன்று பேர் தேவைப்படுகிறார்கள்: தேர்வு இருப்பதை அறிந்த பெற்றோர், பதிவு செய்யத் தூண்டும் ஆசிரியர், மலாயிலோ ஆங்கிலத்திலோ வினாவை வாசித்து உடனே விளங்கிக்கொள்ளும் பிள்ளை. அடுக்குமாடியில் வாழ்ந்து இரண்டு வேலை பார்க்கும் தாயின் மகனுக்கு இந்த மூவரில் ஒருவர் குறைந்தாலும் ரயில் கிடைப்பதில்லை.

மொழித்தடை என்று பொதுவாகச் சொல்வது போதாது. இரண்டு எண்களைக் கொடுத்து அவற்றின் ‘பெசா’ என்ன என்று கேட்கும் ஒரு மலாய்க் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கேட்பது வேறுபாடு. தமிழில் கேட்டால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை மனக்கணக்காகவே சொல்லிவிடும். அச்சொல்லைத் தமிழ்ப்பிள்ளை மலாய்ப் பாடத்தில் கேட்டிருக்கலாம், கணக்கோடு சேர்த்துப் பழகியிருக்காது. பென்சில் அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது. சில பிள்ளைகள் கூட்டிவிடுகிறார்கள், சில பிள்ளைகள் அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். ‘பெசா’வும் தமிழ் வழக்கில் உள்ள ‘பேதம்’ என்பதும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. எட்டு வயதில் அது யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இங்கே அளக்கப்பட்டது கணித அறிவன்று. விடைத்தாளைத் திருத்துபவரோ கணிதம் என்றே எழுதிவைக்கிறார்.

இதற்கு மாற்றாகச் சொற்கள் இல்லாத உருவத் தேர்வுகள், ராவனின் அணித்தொடர் போன்றவை, பரிந்துரைக்கப்படும்போதெல்லாம் ஒரு மறுப்பு எழும். கல்வி உளவியலாளர் டேவிட் லோமன் 2005-இல் எழுதிய கட்டுரையை எடுத்துக்காட்டி, உருவத் தேர்வில் மிக்க மதிப்பெண் பெற்றவர் பாடங்களில் சிறப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்பார்கள். லோமன் அப்படிச் சொன்னது உண்மை, அவர் சொன்னது சரியும்கூட. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. ஒரு பிள்ளையை அதே கற்றல் வாய்ப்புப் பெற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டே திறனை மதிக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் மறுபாதி. மறுப்பாளர்கள் முதல் பாதியை மட்டும் பல கருத்தரங்குகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். மறுபாதியையும் வாசித்தால் லோமன் தமிழ்ப்பள்ளியின் பக்கம் நிற்பது தெரியும்: கிள்ளான் தோட்டப்புறப் பிள்ளையைப் பெட்டாலிங் ஜெயா மருத்துவரின் பிள்ளையோடு ஒரே தராசில் நிறுப்பது அளவியலுக்கே பொருந்தாது.

உருவத் தேர்வைப் பள்ளி மாவட்ட அளவில் செய்து பார்த்த சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம், 2005-க்கு முன்பு பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்த பிள்ளைகளையே மீத்திறன் தேர்வுக்கு அனுப்பியது. 2005-இல் இரண்டாம் வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் உருவத் தேர்வை வைத்தது. பரிந்துரைக்க யாருமில்லாத பிள்ளைகளும் இதனால் வெளியே தெரிந்தார்கள். டேவிட் கார்டும் லோரா ஜூலியானோவும் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீத்திறன் என்று அறியப்பட்ட வறிய பிள்ளைகளின் விகிதம் 180 விழுக்காடு கூடியது. ஹிஸ்பானியப் பிள்ளைகளில் 130, கறுப்பினப் பிள்ளைகளில் 80 விழுக்காடு. பின்னர் பணநெருக்கடியில் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டதும் விகிதம் பழைய நிலைக்கே இறங்கியது. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தாம். பார்ப்பதை நிறுத்தியதும் காணாமல் போனார்கள்.

ஒத்த வாய்ப்புள்ளவரோடு ஒப்பிடும் எண்ணம் தமிழ்நாட்டின் ஊரகத் திறனாய்வுத் தேர்விலும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு ஊரகப் பிள்ளைகளில் வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவரும் 50 மாணவியரும் உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல் போட்டிருந்தால் பின்தங்கிய மாவட்டங்கள் விடுபட்டிருக்கும். சிங்கப்பூர் 1984-இல் தொடங்கிய மீத்திறன் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளைச் சில குறிப்பிட்ட பள்ளிகளில் குவித்தது. 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் அந்த வடிவத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் திறன்மிக்கவர்க்கு வாய்ப்பு அளிக்கப்போவதாக அறிவித்தார். நாற்பதாண்டு அனுபவம் உள்ள நாடு, பிள்ளை இருக்கும் பள்ளியை நோக்கித் திரும்புகிறது.

பெட்டாலிங் மாவட்டத்துக்கு இது நேராகப் பொருந்தும். ஸ்ரீ கெம்பாங்கானே ஓர் எடுத்துக்காட்டு: அவசரகாலத்தில் எழுந்த செர்டாங் பாரு புதுக்கிராமம், அருகில் ஈயச்சுரங்கம் ஏரியாகி அதன் கரையில் எழுந்த மாளிகைகள், வேளாண் கல்லூரியாக இருந்து வளர்ந்த பல்கலைக்கழகம், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் வெளியேறிய குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிகள். ஒரே மாவட்டத்தில் இத்தனை வேறுபட்ட வாழ்க்கைகள் இருக்கும்போது, ஒரே வெட்டுப்புள்ளி எல்லார்க்கும் நீதியாகாது. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டாம் ஆண்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் உருவத் தேர்வு, அதோடு பயிற்றுமொழியிலேயே கணிதத் தேர்வு, இரண்டிலும் அந்தப் பள்ளியின் மேல்நிலைப் பிள்ளைகளைக் குறித்துக்கொள்வது: மாவட்டக் கல்வி அலுவலகம் செய்யக்கூடியது இவ்வளவே, இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை.

மீத்திறனைச் சிறப்புக் கல்விக்குள் சேர்த்தாலன்றி விடிவில்லை என்று வாதிடுவோர்க்கும் இதுவே மறுமொழி. சிறப்புக் கல்வி விதிமுறைகள் குறைபாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே இடம் கேட்டுக் காத்திருப்பதைவிட 29-ஆவது பிரிவைப் பயன்படுத்துவது விரைவான வழி.

வகுப்பறையில் விரைவேற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாடு செல்ல வேண்டாம். முப்பது பேருக்கும் குறைவான தமிழ்ப்பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளை ஓர் ஆசிரியர் ஒரே அறையில் நடத்துகிறார். வெண்பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் இரண்டாம் ஆண்டுக்கான கழித்தல், வலப்பக்கம் மூன்றாம் ஆண்டுக்கான வகுத்தல். இடப்பக்கத்துச் சிறுவன் தன் பயிற்றியை முடித்துவிட்டு வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றாம் ஆண்டுக்காரர்களைக் கேட்ட கேள்விக்கு அவன் விடை சொன்னால், நல்ல ஆசிரியர் அடுத்த நாள் அவனுக்கும் ஒரு வகுத்தல் கணக்கு தருவார். அது பாட அளவிலான விரைவேற்றம். அந்த ஆசிரியர் அதை அப்பெயரால் அழைப்பதில்லை, நாள் பாடத்திட்டத்தின் சிந்தனை மீட்சியில் எழுதுவதும் இல்லை. எழுதினால் அது சான்றாகும். இரண்டாண்டுச் சான்று சேர்ந்தால், ஒரே நாள் தேர்வைவிட உறுதியான அடிப்படையில் அந்தச் சிறுவனை முன்னேற்றலாம். கே.பி.எஸ்.ஆர். காலத்திலிருந்து வளப்படுத்தும் நடவடிக்கை என்ற வரி பாடத்திட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது அதே கணக்கில் இன்னும் பத்து என்றே பொருள்பட்டது. அதனால் விரைந்து முடிக்கும் பிள்ளைக்கு வேலை மட்டுமே கூடியது.

எஞ்சுவது மலாய்மொழி. ஐந்தாண்டில் முடிக்கும் பிள்ளை பதினொரு வயதில் இடைநிலைப்பள்ளி வாசலுக்கு வருகிறது. அங்கே புகுமுக வகுப்பு அதை நிறுத்திக்கொண்டால் மிச்சமான ஆண்டு அப்படியே திரும்பிப் போய்விடும். ஆகவே குறிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்றாம் ஆண்டிலிருந்தே கணிதமும் அறிவியலும் சார்ந்த மலாய்ச் சொற்களை, ‘பெசா’விலிருந்து தொடங்கி, பாடத்தோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும். இதற்கு வாரத்துக்கு இரண்டு பாடவேளையும், தமிழாசிரியரும் மலாய் ஆசிரியரும் சேர்ந்து தயாரிக்கும் பயிற்றியும் வேண்டும். அப்பயிற்றியின் வரைவைத் தொடக்கநிலை ஆசிரியர்கள் இந்தக் கருத்தரங்கின் இரண்டாம் நாள் பயிலரங்கிலேயே எழுதத் தொடங்கலாம்.