சங்கிலியும் வேண்டாம், வெறும் சீட்டும் வேண்டாம்

(எல்லைப் பகுதித் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, பட்டா, ரேஷன் கார்டு பற்றிப் பேசக் கூடுகிற நாம், இன்று மனநோய் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இது சங்கத்து வேலையா என்று சிலர் கேட்டார்கள். லயத்திலே ஒருவருக்கு மனம் தடுமாறினால் அவர் கூலி போகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பவர் கூலியும் போகிறது. ஆகவே இதுவும் சங்கத்து வேலைதான்.

ஆகஸ்டு 6 என்ற தேதியில் இரண்டு துயரங்கள் நமக்கு உண்டு.

2001 ஆகஸ்டு 6 விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அப்படிப்பட்ட இடங்களில் தம் மக்களை விட்டுவந்த குடும்பங்களை நாம் கொடியவர்கள் என்று சொல்லமாட்டோம். பக்கத்தில் வைத்தியம் இல்லை, கையில் காசு இல்லை, ஊர்ப் பேச்சுக்குப் பயம். நம் வீடுகளிலும் இதே நிலைமைதான்.

2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அத்தனை பேரும் தேயிலைத் தோட்டத்தை நம்பி வாழ்ந்த நம் ஜனங்கள்.

ஏர்வாடி நமக்குச் சொல்வது: நோயை நோய் என்று ஏற்று மருந்து கொடுக்காவிட்டால் கடைசியில் சங்கிலிதான் மிஞ்சும். பெட்டிமுடி வேறொரு கேள்வியை எழுப்புகிறது. பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் ஓராண்டு கழிந்தும் அழுதால், அது நோயா?

இது உலகம் முழுதும் நடக்கிற விவாதம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் ஓராண்டைத் தாண்டி ஆளை முடக்கிப்போடும் துக்கத்தைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் ஆறு மாதம் என்கிறது. பெயர் வைத்தால்தான் உதவி கிடைக்கும் என்பது ஒரு கட்சி. துக்கத்தையும் மாத்திரைக்குள் அடைக்கிறார்கள் என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. சோறு இறங்காமல், உயிர் வாழவே மனமில்லாமல் கிடக்கிறவருக்கு வைத்தியம் அவசரம். ஆனால் வீட்டையும் உறவையும் இழந்தவருக்கு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினால், பாதுகாப்பான வீடு கொடுக்க வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

நோய்ப் பெயரை அதிகாரத்தில் இருப்பவர்கள் தம் வசதிக்குப் பயன்படுத்திய வரலாறும் உண்டு. 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், தோட்டத்தை விட்டு ஓடும் கறுப்பின அடிமைக்கு மனநோய் என்று எழுதினார். ஓடியவருக்கு நோய், ஓட வைத்தவருக்கு ஒன்றுமில்லை! கங்காணி காலத்தில் மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இது எளிதில் விளங்கும். நியாயம் கேட்கிற பெண்ணைக் 'கிறுக்கி' என்று ஒதுக்கும் வழக்கம் நம் வீடுகளிலேயே இல்லையா?

அதனால் மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1952இல் பாரிசில் குளோர்புரோமசின் மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிறகு, கடும் மனநோயாளர் பலர் வீடு திரும்ப வழி பிறந்தது. ஆனால் மருந்து கொடுப்பவருக்கு நம்மைத் தெரிய வேண்டும். லித்தியம் சாப்பிடுகிறவர் வெயிலில் வேர்த்து, உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்து ஏறி விஷமாகலாம். கொழிஞ்சாம்பாறை வயலில் நிற்பவரிடமும் கஞ்சிக்கோட்டில் உலை முன் நிற்பவரிடமும் 'என்ன வேலை செய்கிறாய்' என்று கேட்காமல் சீட்டு எழுதலாமா?

மொழியும் அப்படித்தான். 'நெஞ்சு படபடங்குது, மனசு கனக்குது, தலைக்குள்ள எரியுது' என்று நம் பெண்கள் சொல்கிறார்கள். கேட்பவருக்குத் தமிழ் புரியாவிட்டால் அது வெறும் வாயுக்கோளாறு ஆகிவிடும். இல்லையென்றால் இரண்டு நிமிடத்தில் ஒரு பெரிய நோய்ப் பெயர் விழும்.

2018 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. யாரையும் எவ்வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது. ஒருவரின் பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, ஊர் வழக்கத்துக்கும் வேலை ஒழுங்குக்கும் ஒத்துவரவில்லை என்றோ மனநோயாளி என்று முடிவு செய்யக்கூடாது. நோய் என்ன, வைத்தியம் என்ன, பக்க விளைவு என்ன என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அரசு மனநல நிலையங்களில் வைத்தியம் இலவசம்.

ஆகவே நாம் கேட்பது: தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் தாலுகாக்களில் மாவட்ட மனநலத் திட்ட முகாம் நடக்கும் நாளெல்லாம் தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். முகாமுக்குப் போகிற நாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மாத்திரை தொடங்கியவர் கொஞ்சம் தெளிந்ததும் தாமாக நிறுத்தக்கூடாது. டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். கோயிலுக்கோ தர்காவுக்கோ போகிறவர்கள் போகட்டும், மருந்தையும் கையோடு கொண்டு போகட்டும். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசில்லை. தமிழிலும் பேசலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கத்து லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர் வீட்டை இன்று சாயந்திரமே ஒருவர் போய்த் தட்டுங்கள்.