முதுகுடி விண்மீன்கள்



விண்மீனைப் பாடாத கவிஞர் இல்லை. அந்த விண்மீனுக்கும் பிறந்த ஊர் உண்டு. அதன் ஒளியையும் ஓட்டத்தையும் கொண்டே அவ்வூரைக் கண்டறியலாம் என்பது இருபதாம் நூற்றாண்டு தந்த அறிவு.

அதற்கு வழி திறந்தவர் வால்டர் பாடே. ஜெர்மனியில் பிறந்து, கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் உடன் பணியாற்றியோர் பலர் போர்ப்பணிக்குச் சென்றனர். பகைநாட்டவர் எனக் கருதப்பட்ட பாடே அங்கேயே தங்கினார். 100 அங்குலத் தொலைநோக்கி பெரும்பாலும் அவர் வசமாயிற்று. விளக்கணைப்பு ஆணையால் லாஸ் ஏஞ்சலஸ் நகரும் இருண்டது. ஊர் அஞ்சிய இருள் அவருக்கு வரமாயிற்று. செவ்வொளி உணரும் தகடுகளில், ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆந்திரமேடா மண்டலத்தின் நடுப்பகுதியை நெடுநேரம் பதித்தார். அதுவரை ஒளிப்புகையாய்த் தெரிந்த அப்பகுதி தனித்தனிச் செம்மீன்களாகப் பிரிந்தது! 1944இல் அவர் விண்மீன்களை இரு குடிகளாக வகுத்தார்: சுருள்கைகளில் நீல ஒளி வீசும் இளங்குடி, நடுவிலும் புறவெளியிலும் முதுகுடி.

ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்ந்த தனிமங்கள் யாவற்றையும் வானியலார் ‘உலோகம்’ என்றே அழைப்பர். நாம் மூச்சிழுக்கும் பிராணவாயுவும் அவர்களுக்கு உலோகம்தான்! இவை பெரும்பாலும் விண்மீன்களுக்குள் சமைந்து, அவை வெடித்தும் உதிர்ந்தும் வெளியேறி, அடுத்த தலைமுறைக்கான முகிலில் கலக்கின்றன. ஆகவே பால்வீதியின் புறவெளி முதியோரிடம் உலோகம் மிகக் குறைவு. நடுப்பகுதி முதியோர் பலரிடம் அது மிகுந்திருப்பது பின்னர் தெரிந்தது. பாடேயின் பகுப்பு அத்தனை எளிதில் முடிவதன்று.

1962இல் எக்கன், லிண்டன்-பெல், சாண்டேஜ் மூவரும் சூரியனின் அண்டையிலுள்ள 221 விண்மீன்களை ஆராய்ந்தனர். உலோகம் குறைந்தவை மிக நீண்ட வட்டங்களில் ஓடக் கண்டு, ஒரே பெருமுகில் விரைந்து சுருங்கியே பால்வீதி தோன்றியது என்றனர். 1978இல் சேர்ல், ஜின் இருவரும் உருண்டைக் கொத்துகளை ஆராய்ந்து வேறு விடை தந்தனர்: சிறுசிறு துண்டுகள் வந்து சேர்ந்தே புறவெளி உருவாயிற்று.

புறவெளியைப் பொறுத்தவரை, காலம் பெரிதும் இரண்டாம் விடையின் பக்கம் நின்றது. பால்வீதியால் கிழிக்கப்பட்டு வரும் தனுசுக் குறுமண்டலம் 1994இல் கண்டறியப்பட்டது. 2013இல் ஏவப்பட்டு 2025இல் பணி முடித்த கையா விண்கலத்தின் அளவீடுகள், ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் வேறொரு மண்டலமே பால்வீதியில் கலந்ததை 2018இல் காட்டின. அதன் விண்மீன்கள் சில இன்றும் சூரியனின் அருகே கடந்து செல்கின்றன. அவற்றின் உலோக விகிதமும், மையத்தை நோக்கிப் பாய்ந்து மீளும் நெடும் பாதையும் அவை வந்தேறிகள் எனக் காட்டிக்கொடுக்கின்றன.