தலைவர்களின் சொத்து விபரம்: கேட்பது நமது உரிமை

(தோட்ட மாதர் சங்கங்கள், மரணாதார சங்கங்கள், இளைஞர் கழகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்காக நடத்தப்பட்ட ஒருநாள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை. சிறிது சுருக்கித் தரப்படுகிறது.)



மக்கள் பிரதிநிதிகளும் அரசாங்க உத்தியோகத்தர்களும் தமது சொத்து விபரத்தை வெளிப்படுத்த வேண்டும் என்ற சட்டத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். "இது கொழும்பில் சட்டத்தரணிகள் பேசவேண்டிய விசயமாச்சே, மலையில கொழுந்து பறிக்கிற நமக்கு எதுக்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது சரியில்லை என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் தோட்டக் கோயிலில் திருவிழா முடிந்ததும் கமிட்டி என்ன செய்கிறது? யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள், மேளக்காரருக்கு எவ்வளவு, சாமான் வாங்கியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று சபையில் வாசித்துக் காட்டுகிறது. அதைக் கேட்பதால் கமிட்டிக்காரரை நாம் கள்ளன் என்று சொல்கிறோமா? இல்லை. பொதுக் காசு, ஆகவே பொதுவில் கணக்கு. அவ்வளவுதான். நேர்மையானவருக்கு அது பாதுகாப்பும்கூட. நாளைக்கு யாராவது வாய் கூசாமல் ஏதாவது சொன்னால், "சபையில வாசிச்சேனே, அப்ப எங்க போயிருந்தே?" என்று கேட்கலாம்.

சாக்கு எடை

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழிக்கிறார்கள். சாக்கு எடை தெரியாமல் கொழுந்தின் எடையைச் சொல்ல முடியாது. சொத்து வெளிப்படுத்தலும் அப்படித்தான். ஒருவர் பதவிக்கு வரும்போது அவரிடம் இருந்த வீடு, காணி, வாகனம், வங்கிப் பணம், நகை, பங்குகள், கடன் எல்லாவற்றையும் எழுதி வைப்பது சாக்கு எடையை எழுதி வைப்பது போல. பிறகு வருடா வருடம் திரும்ப எழுதும்போது, கூடியது எவ்வளவு என்று தெரியும். அவருடைய சம்பளத்துக்கும் வருமானத்துக்கும் அது பொருந்துகிறதா என்றும் பார்க்கலாம். மனைவி அல்லது கணவர், தங்கி வாழும் பிள்ளைகள் ஆகியோரின் சொத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சம்சாரத்தின் பேரில் போய்விடும் அல்லவா?

இதில் ஒன்றை மறக்கக்கூடாது. சொத்து இருப்பது குற்றமில்லை. ஒருவருக்கு அப்பன் பாட்டன் வழியில் காணி இருக்கலாம். வியாபாரம் இருக்கலாம். பதவியால் வந்த சொத்தா என்பதுதான் கேள்வி.

பழைய சட்டத்தின் மூன்று ஓட்டைகள்

நம் நாட்டில் இந்தச் சட்டம் புதிதல்ல. இலஞ்சச் சட்டம் 1954ல் வந்தது. சொத்துக்கள், பொறுப்புக்கள் வெளிப்படுத்தல் சட்டம் 1975ல் முதலாம் இலக்கச் சட்டமாக வந்தது. 1985லும் 1988லும் திருத்தினார்கள். பாராளுமன்ற உறுப்பினர்கள், நீதிபதிகள், பதவிநிலை உத்தியோகத்தர்கள், கூட்டுத்தாபனத் தலைவர்கள், பணிப்பாளர்கள் என்று நீண்ட பட்டியல் அதில் இருந்தது. அப்படியென்றால் ஏன் யாருடைய கணக்கும் நம் கண்ணில் படவில்லை?

முதல் ஓட்டை, இரகசியம். கட்டணம் செலுத்தினால் எவரும் ஒருவருடைய வெளிப்படுத்தலைக் கேட்டுப் பார்க்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. ஆனால் பார்த்தவர் அதை வெளியில் சொல்லக்கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. தராசு முள்ளைப் பார்க்கலாம், எடையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்றால் எப்படி இருக்கும்?

இரண்டாவது, கொடுத்த கடதாசியை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் ஒவ்வொரு இடத்தில் கொடுத்தார்கள். பாராளுமன்ற உறுப்பினர் சபாநாயகரிடம், அமைச்சர் ஜனாதிபதியிடம், வேட்பாளர் தேர்தல் அதிகாரியிடம். வாங்கியவர்கள் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

மூன்றாவது, தண்டனை. சொத்து விபரம் கொடுக்காவிட்டால் 1000 ரூபாவுக்கு மேற்படாத தண்டப்பணம், அல்லது ஒரு வருடத்துக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும். 1975ல் 1000 ரூபா பெரிய காசுதான். ஆனால் 2023 வரையில் அந்தத் தொகையைக் கூட்டவேயில்லை. 2021ல் சம்பளச் சபை நமது நாட்சம்பளத்தை 1000 ரூபா என்று நிர்ணயித்தது நினைவிருக்கிறதா? அந்த 1000 ரூபாவுக்காக எத்தனை வருடம் றோட்டில் இறங்கினோம்! அமைச்சராக இருந்தாலும் கணக்குக் காட்டாததற்குத் தண்டப்பணம் அப்போது நம் ஒருநாள் சம்பளமாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. 1948, 1949 சட்டங்களால் நம் மக்கள் பிரஜாவுரிமையையும் வாக்கையும் இழந்தார்கள். 1975ல் இந்தச் சட்டம் நிறைவேறியபோது நம்மில் பெரும்பாலோர் ஓட்டில்லாதவர்கள். ஓட்டில்லாதவன் யாரிடம் கணக்குக் கேட்பது? அதனால்தான் தலைவர்மாரிடம் கேள்வி கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. மாலை போடும் பழக்கம்தான் வந்தது. 2003ல் வந்த சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை.

கதவு எப்படித் திறந்தது?

2016ம் ஆண்டின் 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஒரு பத்திரிகையாளர், எந்தெந்தப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சொத்து விபரம் கொடுத்திருக்கிறார்கள் என்ற பெயர்ப்பட்டியலைக் கேட்டார். கவனியுங்க, சொத்து விபரத்தைக்கூட அவர் கேட்கவில்லை. கொடுத்தவர்களின் பெயரை மட்டும்தான் கேட்டார். அதையும் தரமுடியாது என்றார்கள். தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. பெயர்களை மக்கள் அறியலாம் என்று 2023ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சாதாரண விண்ணப்பத்தில் தொடங்கிய காரியம் இது.

அதே 2023ல் 9ம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது. செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 1954ம் ஆண்டின் இலஞ்சச் சட்டம், 1975ம் ஆண்டின் சொத்து வெளிப்படுத்தல் சட்டம், 1994ம் ஆண்டின் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுச் சட்டம் மூன்றும் நீக்கப்பட்டு, எல்லாம் இந்த ஒரே சட்டத்துக்குள் வந்தன.

இப்போது ஜனாதிபதியும் பிரதமரும்கூடப் பட்டியலில் இருக்கிறார்கள். மாகாண சபை, பிரதேச சபை, நகர சபை உறுப்பினர்களும் இருக்கிறார்கள். மார்ச் 31ல் உள்ளபடி எழுதி, ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். சொத்து வெளிப்படுத்தல்களுக்கு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவே பொறுப்பு. வங்கிக் கணக்கிலக்கம் போன்ற அந்தரங்க விபரங்களை மறைத்துவிட்டு, மற்றதை மக்கள் பார்க்கும்படி இணையத்தளத்தில் போடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர்களின் சொத்து விபரங்களைத் தேர்தல் ஆணைக்குழு வெளியிட்டது. 2025ல் ஜனாதிபதி, அமைச்சர்களின் விபரங்களும் வெளிவந்தன. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போனில் சினிமா பார்க்கிறார்களே, அதே போனில் இதையும் பார்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நமக்கு நெருக்கமான விசயம்

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பதிவு செய்யப்பட்ட தொழிற்சங்கங்களின் நிர்வாகிகளும் சொத்து விபரம் கொடுக்க வேண்டியவர்கள். அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சிகளின் பதவி வகிப்போரும் அப்படியே.

நம் சம்பளத்தில் மாதாமாதம் சந்தா பிடிபடுகிறது. ஒருவருடைய சந்தா சிறிய காசு. ஆயிரக்கணக்கான பேருடைய சந்தாவைச் சேர்த்தால் சிறிய காசா? அந்தச் சங்கத்தின் கணக்கை அங்கத்தவர் பார்ப்பதற்கு இடமிருக்கிறது. கேட்டால், "நீ எந்தக் கட்சிக்காரன்? யார் அனுப்பினது?" என்று சிலர் கேட்பார்கள். "யாரும் அனுப்பல, சந்தா கட்டுறவன்தான்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல தலைவர்மார் நம்மிடம் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கச் சங்கத்துக்காக உழைத்து, ஒன்றும் சேர்க்காமல் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரையும் இந்தக் கணக்குத்தான் காப்பாற்றும்.

ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தலைவர்களும் பணிப்பாளர்களும் அரச கூட்டுத்தாபனக்காரர்கள் என்றபடியால் பட்டியலில் வருவார்கள். கம்பெனித் தோட்டத்துத் துரைமார் சொத்து விபரம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தனியார் துறையில் இலஞ்சம் வாங்குவதும் 2023 முதல் குற்றம்.

சொத்து மட்டுமல்ல, நடத்தையும்

இலஞ்சம் என்றால் காசுக் கவர் மட்டும் என்று நினைக்கக்கூடாது. பரிசு, கடன், வேலை, இருக்கிற கடனைத் தள்ளிவிடுவது, இவையும் இலஞ்சமாகலாம். வாங்குபவர்போலக் கொடுப்பவரும் குற்றவாளி. ஆகவே "பத்திரம் கிடைக்க வேற வழியில்லை, குடுத்துட்டேன்" என்று பழகிவிடக்கூடாது. கேட்கும்போதே முறையிட வேண்டும்.

சொந்த நலனும் பொதுப் பொறுப்பும் மோதுவதையும் புதிய சட்டம் கவனிக்கிறது. உதாரணத்துக்கு, ஒரு பிரதேச சபை உறுப்பினரின் தம்பிக்கு றோட்டுக் கொந்தராத்துக் கிடைக்கிறது, அதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அண்ணன் உட்கார்ந்து கை உயர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதம்கூடக் கைமாறாமல் இருக்கலாம். ஆனாலும் அது தவறு. 2018ல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் சபையின் பணம் தோட்டங்களுக்குள் வர வழி பிறந்தது. பணம் வரும் இடத்துக்குக் கணக்கும் கூடவே வரவேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு முக்கியமாக ஒன்று. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் ஒரு வேலையைச் செய்து கொடுக்கப் பெண்ணிடம் தகாத காரியத்தை எதிர்பார்த்தால், அது பாலியல் இலஞ்சம். இச்சட்டத்தில் அது தனிக் குற்றமாக வந்திருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர் கேட்டவர்தான், அந்தப் பெண் அல்ல. மாதர் சங்கங்கள் இதை லயம் லயமாகச் சொல்லவேண்டும்.

எப்படிக் கேட்பது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரஜை எவரும், பிரதேச சபையிலோ பிரதேச செயலகத்திலோ உள்ள தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு ஆணைக்குழுவுக்கும் போகலாம்.

என்ன கேட்கலாம்? வீடு கட்டும் திட்டத்தில் நம் தோட்டத்துக்குப் பயனாளிகளை எந்த அடிப்படையில் தெரிந்தார்கள்? 7 பேர்ச் காணிக்கான பட்டியலைத் தயாரித்தது யார்? றோட்டு வேலையை யாருக்கு, எவ்வளவுக்குக் கொடுத்தார்கள்? சொத்து விபரம் கொடுத்த உறுப்பினர்கள் யார் யார்? இப்படிக் குறிப்பாகக் கேளுங்கள்.

இலஞ்சம் பற்றிய முறைப்பாட்டை 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் எழுத்திலும் சொல்லலாம். முறையிடுபவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை. பகைக்காகப் பொய் என்று தெரிந்தே முறையிடுவதும் குற்றம். திகதி, இடம், ஆள், நடந்தது என்ன என்று குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். தேநீர்க் கடைப் பேச்சு முறைப்பாடாகாது.

இந்தச் சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வேறு ஆளின் பேரில் வாங்கிய காணி படிவத்தில் வராது. குறைத்து எழுதுபவரும் இருப்பார். ஆனால் குறைத்து எழுதினால், அந்த எழுத்தே பிறகு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அக்கம்பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்ததும் படிவத்தில் உள்ளதும் பொருந்தவில்லை என்றால் அதைக் கண்டுபிடிப்பது கொழும்பில் இருப்பவர் அல்ல, ஊரில் இருக்கும் நாம்தான்.

கடைசியாக, முதலில் நம் வீட்டைச் சுத்தம் செய்வோம். இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சங்கத்தின் பணத்தைக் கையாளுகிறவர்கள். மரணாதார சங்கத்தின் புத்தகத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபையில் வாசியுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் செலவு எழுதாதீர்கள். சங்கத்துக்குச் சாமான் வாங்குவது உங்கள் மச்சான் கடையில் என்றால், அதை முன்கூட்டியே சபையில் சொல்லிவிட்டு, தீர்மானத்தை மற்றவர்களிடம் விடுங்கள். நம் கணக்கை நாமே திறந்து வைத்தால்தான் பெரியவர்களின் கணக்கைக் கேட்கும்போது நம் குரல் நடுங்காது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டமும் ஒரு விண்ணப்பத்தின் நகலோடு வாருங்கள். ஒன்று போதும். பதில் வந்ததா, வரவில்லையா என்று சேர்ந்து பார்ப்போம்.