நாட்பட்ட அழற்சிக்குப் புதிய மருந்துகள்

மார்கழி பிறந்துவிட்டால், வடநாட்டில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்குவதில்லை. காபி டம்ளரைப் பிடிப்பதும் அரிதாக இருக்கிறது. எல்லாம் இந்த ஊர்க் குளிர் செய்யும் வேலை என்று பெரியவர்கள் கூறுவார்கள். நாமும் தலையசைத்து, கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு அலுவலகத்திற்குப் புறப்பட்டு விடுவோம். பல வீடுகளில் அது குளிரின் வேலையாகவே இருக்கலாம். ஆனால் சித்திரை வந்த பின்னும் மூட்டு வீக்கம் வற்றாமல், காலை விறைப்பு ஒரு மணி நேரம் நீடிக்குமாயின், குளிரின்மேல் பழி போடுவது தகாது. அது முடக்குவாதம் என்னும் நாட்பட்ட அழற்சி நோயாக இருக்கக்கூடும். இத்தகைய நோய்க்கு விஞ்ஞானிகள் எவ்வாறு புதிய மருந்துகளை வகுத்தார்கள் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லின் வேரைப் பார்க்கும் பழக்கம் உண்டு. அழற்சி என்பது அழல் என்னும் சொல்லின் வழி வந்தது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் சுடரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது. சிவத்தல், வீங்குதல், சுடுதல், வலித்தல் என்னும் நான்கு குறிகளை, முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய நூலாசிரியரான ஸெல்ஸஸ் எழுதி வைத்தார். காலில் முள் தைத்தால் இந்நான்கும் தோன்றுகின்றன. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அவ்விடத்தில் திரண்டு கிருமிகளை அழிக்கின்றன; புண் ஆறுகிறது; பின்னர் அழல் தானே தணிகிறது. ஆகவே அழற்சி நமக்குப் பகையன்று, காவலே ஆகும். தணிய வேண்டிய காலத்தில் தணியாது, நம் சொந்த மூட்டையே பகையெனக் கருதிக் காவல் தாக்கத் தொடங்குங்கால்தான் அது நோயாகிறது. முடக்குவாதத்தில் குருத்தெலும்பும் எலும்பும் சிறிது சிறிதாக அரிக்கப்படுகின்றன. ஒருமுறை அரிக்கப்பட்ட எலும்பு பழைய வடிவத்தைப் பெறுவதில்லை. காலம் கடத்துதல் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பழைய மருந்துகள் பெரும்பாலும் தற்செயலாகக் கிடைத்தவை. 1899-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின் எவ்வாறு வலியைத் தணிக்கிறது என்பது, 1971-இல் ஜான் வேன் என்னும் ஆங்கிலேய அறிஞர் விளக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், படுக்கையிலிருந்து எழ இயலாத ஒரு முடக்குவாத நோயாளிக்கு டாக்டர் ஹென்ச் கார்ட்டிஸோன் மருந்தைக் கொடுத்தார். சில தினங்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்சும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் நீண்ட நாள் கொடுத்தபோது முகம் ஊதிற்று, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறிற்று, கிருமிகள் எளிதில் தொற்றின. ஒரு வீட்டுத் தீயை அணைக்க ஊர் முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது போலாயிற்று.

ஆகவே அழலைத் தூண்டும் பொருளை மட்டும் கண்டறிந்து, அதற்கென்றே மருந்தை வகுக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஆஸ்பிரின் தடுக்கும் நொதியில் இரு வகை உண்டென்பது 1990-களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஒன்று இரைப்பையின் சுவரைக் காப்பது. மற்றது அழற்சியில் மிகுவது. இரண்டாவதை மட்டும் தடுக்குமாறு, பூட்டுக்குச் சாவி அமைப்பதுபோல் ரோஃபிகாக்ஸிப் முதலிய மருந்துகளை அமைத்தனர். 1999-இல் வெளிவந்த அம்மருந்து, நெடுநாள் உட்கொள்வோருக்கு மாரடைப்பு அபாயத்தை மிகுவித்ததால் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. சாவி பூட்டுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது; அப்பூட்டு உடலின் வேறு எந்தக் கதவைக் காக்கிறது என்பதையும் அறிதல் வேண்டும் என்னும் பாடத்தை உலகம் அன்று கற்றது.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகிய இருவரும் வேறு வழியில் முயன்றனர். இவர்களுள் மைனி, பஞ்சாபிலுள்ள லூதியானாவில் பிறந்தவர். நோயுற்ற மூட்டில் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பல புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றுள் டி.என்.எப். என்று சுருக்கமாக வழங்கும் ஒன்றைத் தடுத்தால் வேறு சிலவும் அடங்குகின்றன என்பதை 1989-இல் அவர்கள் குழு கண்டது. அதைத் தடுக்கும் எதிர்ப்பொருளை முதன்முதலாக 20 நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை 1993-இல் வெளியிட்டனர். வீக்கமும் வலியும் வெகுவாகக் குறைந்திருந்தன.

ஒரே குறியை நாடும் எதிர்ப்பொருளை எலியின் உயிரணுக்களிலிருந்து வேண்டிய அளவு பெறும் முறையை, கோஹ்லரும் மில்ஸ்டைனும் 1975-இல் கண்டறிந்திருந்தனர். ஆயினும் எலியின் புரதத்தை மனித உடல் அயலானென்று கண்டு எதிர்க்கும். அதனால் எலிப் பகுதியும் மனிதப் பகுதியும் கலந்த இன்ஃபிளிக்ஸிமாப் முதலில் அமைக்கப்பட்டது. பின்னர் கிரிகரி வின்டர் முதலியோர் வளர்த்த முறையால், முற்றும் மனித வடிவுடைய அடாலிமுமாப் உருவாகி, 2002-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வின்டருக்கு 2018-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இவை புரதங்களாதலால் விழுங்கினால் செரித்துவிடும். ஊசி வாயிலாகவே ஏற்ற வேண்டும். உயிரணுவின் உள்ளே செய்தி செல்லும் வழியை அடைக்கும் டோஃபாஸிட்டினிப் என்னும் மாத்திரை 2012-இல் அனுமதி பெற்றது. அதற்கும் இதய நோய், புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை 2021-இல் சேர்க்கப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு மிக முக்கியமான செய்திக்கு வருவோம். க்ஷயரோகக் கிருமி பலரது உடலில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடக்கிறது. அதைச் சூழ்ந்து காவல் அணுக்கள் ஒரு சுவர் எழுப்பியிருக்கின்றன. அச்சுவரைக் கலையாமல் நிறுத்துவதற்கும் அதே டி.என்.எப். வேண்டும். மூட்டைக் காக்க அதைத் தடுத்தால் சுவர் தளர்ந்து, உறங்கிய கிருமி விழிக்கக்கூடும். இன்ஃபிளிக்ஸிமாப் பெற்ற 70 பேருக்கு க்ஷயம் தோன்றியதென 2001-இல் வெளியான அறிக்கை மருத்துவ உலகை எச்சரித்தது. உலகில் ஆண்டுதோறும் புதிதாக க்ஷயம் காண்பவருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியர். எனவே இம்மருந்துகளைத் தொடங்குமுன் மார்பு எக்ஸ்-ரேயும் க்ஷயப் பரிசோதனையும் செய்வது இன்று விதியாகிவிட்டது.

நம் அலுவலக நண்பர் ஒருவரின் தாயார் மூன்று குளிர்காலங்களை வலி மாத்திரையாலேயே கழித்தவர். வலக்கை விரல்கள் கோணிய பின்னரே டில்லியில் ஒரு மருத்துவரிடம் சென்றார்கள். இந்தி அறியாத அம்மையாருக்காக நாமும் உடன் சென்றோம். வீட்டில் யாருக்கேனும் க்ஷயம் இருந்ததா என்று மருத்துவர் கேட்டார். அம்மையார் குரலைத் தாழ்த்தி, “அவருக்கு இருந்தது. அதை மட்டும் சொல்ல வேண்டாம், தம்பி” என்றார். காலஞ்சென்ற கணவரின் பெயருக்கு இழுக்கு வரும் என்று அவர் அஞ்சினார். ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பது எளிது. ஆனால் அந்த வாக்கியத்தில்தான் அவர் உயிர் இருந்தது. காரணத்தை எடுத்துரைத்தோம், சற்று மௌனமாக இருந்தபின், “சரி, சொல்லிவிடுங்கள்” என்றார். பரிசோதனையில் உறங்கும் கிருமி தெரிந்தது. முதலில் அதற்குரிய மருந்தைத் தொடங்கி, ஒரு மாதத்திற்கு மேல் சென்ற பின்னரே புதிய ஊசியைப் போட்டார்கள். கோணிய விரல்கள் நிமிரவில்லை. மற்ற விரல்கள் கோணவில்லை. இன்று அவரே பூத்தொடுக்கிறார்.

எல்லோருக்கும் புதிய மருந்து வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெதொட்ரெக்ஸேட் என்னும் பழைய, விலை குறைந்த மருந்தே இன்றும் முதலில் கொடுக்கப்படுகிறது. பலருக்கு அதுவே நல்ல பயன் தருகிறது. அதற்கு அடங்காத நோய்க்கே ஊசிகள். அடாலிமுமாபுக்கு நிகரான மருந்தொன்றை 2014 டிசம்பரில் இந்திய நிறுவனம் ஒன்று குறைந்த விலையில் வெளியிட்டது நமக்குப் பெரும் உதவி. ஆயினும் இவை நோயை அடக்குவனவேயன்றி வேரறுப்பன அல்ல.

அழலை முற்றும் அவித்தால் காவல் போகும். அவிக்காவிடில் மூட்டுப் போகும். இவ்விரண்டுக்கும் இடையே மருந்து அமைப்பதே விஞ்ஞானிகளின் பணி. காலத்தில் மருத்துவரை நாடுவதும், எம்மொழியில் கேட்டாலும் அவரிடம் ஒன்றையும் மறைக்காது உரைப்பதும் நம்முடைய பணியாகும்.